பழைய விளையாட்டை விட்டுப் போனவர்கள் திரும்பி வருவார்களா?

வாசகர் கேள்வி: நான் பணியாற்றும் நிறுவனத்தின் ஆன்லைன் ரோல் பிளேயிங் கேமுக்கு (ஒரு பாத்திரத்தை ஏற்று, லெவல் லெவலாக வளர்க்கும் விளையாட்டு) இப்போது 13 வயது. ஆறு சர்வர்களிலும் சேர்த்து மாலை வேளையில் 8,000 பேர் இருந்த காலம் போய், இன்று 600 பேர் தேறினாலே அதிகம். ஒரே மாதத்தில் 50,000 பதிவுகளைக் கொண்டுவருவதாகவும், திரும்பி வருபவர்களுக்கு உச்ச லெவலை இலவசமாகக் கொடுத்தால் போதும் என்றும் விளம்பர முகவர் ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வேண்டாம். பதிவு செய்தவர்களில் முப்பதாவது நாளும் லாகின் செய்பவர்களுக்கு மட்டும் கூலி வாங்கிக்கொள்ளத் தயாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே வேறு பக்கம் திரும்பிவிடும். இத்தகைய முகவர்கள் விற்பது ஆட்களை அல்ல, எண்ணிக்கையை. வேறு ஏதோ ஒரு செயலியில் பரிசுப் புள்ளி பெறுவதற்காக உங்கள் விளையாட்டை நிறுவிவிட்டு, பத்து நிமிடத்தில் நீக்கிவிடுபவர்கள் அதில் ஒரு பகுதி. மனிதரே இல்லாமல் நிரலே ஓட்டும் பாட் கணக்குகள் இன்னொரு பகுதி. தொடக்க ஊருக்கு வெளியே போய்ப் பாருங்கள்: எழுத்துகளைக் கலைத்துப் போட்டது போன்ற பெயர்களுடன், ஒரே உடையில், ஒரே இடைவெளியில், ஒரே காட்டுப்பன்றியை அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கணக்குகள் பிறகு, விளையாட்டுக்குள் புழங்கும் கோல்டை நிஜப் பணத்துக்கு விற்பவர்களின் கைக்குப் போகும். அவர்கள் திருட்டு கார்டில் சந்தா கட்டுவார்கள்; கார்டின் உரிமையாளர் புகார் செய்ததும் வங்கி அந்தப் பணத்தை உங்களிடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் வீரர்கள் பொருள்களை விற்று வாங்கும் ஏலக்கடையில் விலை ஏறி, மிச்சமிருக்கும் 600 பேரிலும் சிலர் சலித்துப் போவார்கள். ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் இந்தத் தொல்லையை ஒழிக்க வீரர்களுக்கிடையேயான தடையற்ற வணிகத்தையே 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் முடக்கியது. நேர்மையானவர்களும் கொதித்துப் போனார்கள், வாக்கெடுப்பு நடத்தி 2011இல் அதை மீண்டும் திறந்துவிட வேண்டியதாயிற்று. நோயும் அவ்வளவு கொடியது, மருந்தும் அவ்வளவு கசப்பு.

உங்களுக்குத் தேவையானவர்கள் ஏற்கெனவே உங்கள் தரவுத்தளத்தில் இருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் உள்ளே வரும் ஒருவரின் முதல் இருபது நிமிடங்களை, அப்படியொரு பழைய கணக்கை எடுத்து நீங்களே விளையாடிப் பாருங்கள். பை நிறையக் காலாவதியான நிகழ்வுச் சீட்டுகள் கிடக்கும். திறன்களை நீங்கள் இரண்டு முறை மாற்றியமைத்திருப்பதால் திரையின் அடியில் உள்ள கட்டங்கள் பாதி காலியாக இருக்கும். கில்டு, அதாவது அவர் சேர்ந்திருந்த வீரர் குழுவின் பட்டியலைத் திறந்தால் நாற்பது பெயர்களுக்கு எதிரே ‘கடைசி வருகை: 1,100 நாட்களுக்கு முன்’ என்றிருக்கும். அவர் வந்தது அந்த நாற்பது பேருக்காக. அங்கே ஆளில்லை என்றால், நீங்கள் கொடுக்கும் பளபளக்கும் வாளை வைத்து என்ன செய்வார்?

ஆகவே முதலில் ஆறு சர்வர்களை ஒன்றாகவோ இரண்டாகவோ இணையுங்கள். ஒரே பெயரில் இருவர் வந்தால் யாருக்குப் பெயர் என்பதை, கடைசி வருகையை அல்ல, மொத்த விளையாட்டு நேரத்தை வைத்துத் தீர்மானியுங்கள். இல்லையேல் திரும்பி வருபவரே தன் பெயரை இழப்பார். பிறகு, அழைப்புக் கடிதத்தைத் தனித்தனி ஆளுக்கு அனுப்பாமல் கில்டு கில்டாக, ஒரு குறிப்பிட்ட வாரத்தைச் சொல்லி அனுப்புங்கள். ஒரு கில்டில் ஐந்து பேர் ஒரே மாலையில் கூடிவிட்டால் மற்றவர்களை அவர்களே இழுத்து வருவார்கள்.

உச்ச லெவல் தானத்தைப் பொறுத்தவரை என் பதில் கூடாது என்பதே. லெவல் ஏறும் வழியில்தான் ஒருவர் தன் திறன்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறார். அதைப் பறித்துவிட்டு நேராகக் கடைசி டன்ஜனில் (குழுவாகச் சென்று போரிடும் கடினமான களத்தில்) இறக்கினால், மூன்றே நிமிடத்தில் செத்து, சக வீரர்களிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு போவார். ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர் விளையாடிய காலத்தில் உச்சம் 60 ஆக இருந்து, அவரும் 60ஐத் தொட்டிருந்து, அவர் போன பிறகு நீங்கள் அதை 90 ஆக்கியிருந்தால், இடைப்பட்ட முப்பதைக் கொடுக்கலாம். ஆனால் அவர் உழைத்து வளர்த்த அதே பாத்திரத்துக்கு மட்டும், ஒரே ஒரு முறை, விற்கவோ மாற்றவோ முடியாதபடி. 58இல் நின்றவருக்குக் கிடையாது. பாவம்தான், ஆனால் அவர் அந்த இரண்டையும் முடித்துவிட்டு வரட்டும். இந்தக் கோட்டைச் சற்றே தளர்த்தினாலும், மறுநாளே அந்தத் தானக் கணக்குகள் வெளியே விலைக்கு வந்துவிடும்.

புதியவர்களைக் கவர விளையாட்டின் அடித்தளத்தையே புரட்டிப் போடலாம் என்று மேலிடத்தில் எவராவது சொன்னால், ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆன்லைன் விளையாட்டை நினைவூட்டுங்கள். 2005 நவம்பரில் அதன் போர்முறையையும் தொழில்முறைகளையும் ஒரேயடியாக மாற்றியதில் பழையவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் அது மூடப்பட்டது. பழைய பதிப்பைத் தனி சர்வரில் ஓட்டுவது நல்ல யோசனை, ஆனால் பழைய நகல் முழுதாக உங்களிடம் இருக்க வேண்டும். 2013இல் ரூன்ஸ்கேப்பின் பழைய பதிப்பான ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் பிறந்ததே 2007 ஆகஸ்டு மாத நகல் ஒன்று கைவசம் இருந்ததால்தான்.

இவை அனைத்துக்கும் முன்னால் கணக்கு மீட்புப் படிவத்தைச் சரிசெய்யுங்கள். திரும்பி வர நினைப்பவரின் பழைய மின்னஞ்சல் எப்போதோ செத்திருக்கும். அவரிடம் பத்தாண்டுக்கு முந்தைய முதல் ரசீதின் எண்ணைக் கேட்டு, ஒன்பது நாள் கழித்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத அச்சடித்த பதிலை அனுப்புகிற நிறுவனங்கள்தாம் புதிய பதிவுகளுக்குப் பணத்தை வாரி இறைக்கின்றன. மாதாந்தர அறிக்கையில் ‘புதிய பதிவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, ‘வாசலிலேயே திரும்பிப் போனவர்’ என்று ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான் காரணம். பாத்திரத்தின் பெயர், கில்டின் பெயர், சந்தா கட்டிய ஆண்டு, அடிக்கடி சேர்ந்து விளையாடிய இருவரின் பெயர்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். விடைகளைப் பாட் அல்ல, ஒரு மனிதர் படிக்கட்டும். முகவருக்கு ஒதுக்கிய தொகையில் அந்த வேலைக்கு இருவரை நியமித்துவிடலாம்.