கேள்வி நேரம்: கெல்ப் நாற்று ஏன் எழவில்லை?

கேள்வி: ஆய்வகத் தொட்டியில் சாக்கரினா வகைக் கெல்ப் என்ற பெரிய பழுப்புக் கடற்பாசியின் வித்துகளை நூலில் படியவிட்டோம். வாரங்கள் கடந்தும் பழுப்பு நிறப் பஞ்சு போலத்தான் இருக்கிறது. இலை வரவே இல்லை. வித்து கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. நீங்கள் பார்ப்பது கேமீட்டோபைட் தலைமுறை, அதாவது முட்டையையும் விந்தணுவையும் உண்டாக்கும் நுண்ணிய இழைகள். ஆண், பெண் தனித்தனி இழைகள். இவை இனப்பெருக்கத்துக்கு வந்தால்தான் இலைத் தலைமுறை பிறக்கும்.

முதலில் விளக்கைப் பாருங்கள். சிவப்பு ஒளியில் இழைகள் நீண்டுகொண்டே போகும், முட்டை உருவாகாது. நீல ஒளி கலந்த வெள்ளை விளக்கு வேண்டும். ஊட்டக் கரைசலில் இரும்புச் சத்து இல்லையென்றாலும் இதே தேக்கம்தான். வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும்.

விளக்கை 24 மணி நேரமும் எரியவிடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். விளக்கு அணைந்த முதல் அரைமணி நேரத்தில்தான் பெரும்பாலான முட்டைகள் வெளிவருகின்றன. கூடவே லாமாக்ஸிரீன் என்ற வேதிப்பொருளும் கசியும். அருகிலுள்ள ஆண் இழைகள் அதை உணர்ந்து விந்தணுக்களைச் சட்டென வெளியேற்றும்; அவை முட்டையை நோக்கி நீந்தும். அந்த நேரத்தில் காற்றுக்குமிழி வேகமாக ஓடினால் எல்லாம் கலைந்துவிடும்.

வித்தை அளவுக்கு மீறி அடர்த்தியாகப் படியவிட்டிருந்தாலும் இழைகள் முதிராது. டயாட்டம் என்ற நுண்பாசி மூடியிருந்தால் அதைத் தடுக்க ஜெர்மேனியம் டையாக்சைடு உதவும். கூடினால் அது கெல்ப்பையும் முடக்கும்.

கேள்வி: வெந்நீரில் போட்டதும் கெல்ப் பச்சையாவது ஏன்?

பதில்: பழுப்பு தருவது ஃபியூகோசாந்தின் என்ற நிறமி. புரதத்தோடு பிணைந்திருக்கும்வரைதான் அந்த நிறம். சூடு பிணைப்பைக் குலைத்ததும் பச்சையம் தெரிகிறது.