சில நாள் விலை வருகிறது, சில நாள் வெள்ளைப் பக்கம்: எக்ஸ்எம்எல் ஃபீடும் பிஎச்பியும்

கேள்வி: வண்டன்மேட்டில் இருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் வருடம். மாமாவின் ஏலக்காய்க் கடைக்கு பிஎச்பியில் ஒரு சின்ன வெப்சைட் செய்தேன். புற்றடி, போடி ஊர்களில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலைகளை ஒரு நிறுவனம் எக்ஸ்எம்எல் ஃபீடாக, அதாவது தகவலைக் குறிச்சொற்களுக்குள் வைத்த ஃபைலாகத் தருகிறது. சந்தா கட்டி வாங்குகிறோம். சில நாள் விலை சரியாக வருகிறது, சில நாள் பக்கமே வெள்ளையாக நிற்கிறது. தேதி ஒருநாளும் வருவதில்லை. ஏலம் நடத்தும் கம்பெனியின் பெயர் தமிழுக்குப் பதில் கிறுக்கலாகத் தெரிகிறது. எர்ரர் லாகில் மூன்றாம் வரியில் 'பார்ஸ் என்டிட்டி ரெஃப்: நோ நேம்' என்றும், கீழே 'மெம்பர் ஃபங்ஷன் எக்ஸ்பாத் ஆன் பூல்' என்றும் இருக்கிறது. என்ன தவறு செய்தேன்?

பதில்: தம்பி, எர்ரர் லாகைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. உங்கள் ஃபீட் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முதல் வரியில் உள்ள எக்ஸ்எம்எல் அறிவிப்பை விட்டுவிட்டு, எண்களை மாதிரிக்கு வைத்து, குறிச்சொற்களைத் தமிழில் மாற்றி எழுதுகிறேன். எக்ஸ்எம்எல்லில் குறிச்சொல் தமிழிலேயே இருக்கலாம், பிஎச்பியும் அதை ஏற்றுக்கொள்ளும்.

<ஏலம் தேதி="2024-11-04">
<நடத்துபவர்>க & ச கம்பெனி</நடத்துபவர்>
<அதிகபட்சம்>2,910.00</அதிகபட்சம்>
<சராசரி>2,450.75</சராசரி>
</ஏலம்>

கம்பெனி பெயரின் நடுவில் இருக்கும் அந்த & குறியைப் பாருங்கள். வெள்ளைப் பக்கத்துக்கு அதுதான் காரணம். எக்ஸ்எம்எல்லில் & வந்தால், பின்னால் ஒரு குறியீட்டுப் பெயர் வருகிறது என்று அர்த்தம். இங்கே வருவது வெறும் இடைவெளி. 'நோ நேம்', பெயரைக் காணோம் என்று பார்சர் (ஃபீடைப் படித்துப் பிரிக்கும் நிரல்) புகார் சொல்வது இதைத்தான். இனி கடை காலண்டரை எடுத்து, பக்கம் வெள்ளையான நாட்களைக் குறித்துப் பாருங்கள். ஒரே கம்பெனி தினமும் ஏலம் நடத்துவதில்லை, முறை வைத்து நடத்துகிறார்கள். பெயரில் & உள்ள கம்பெனியின் முறை வந்த நாட்களில்தான் உங்கள் பக்கம் விழுந்திருக்கும்.

எச்டிஎம்எல்லில் இப்படி ஒரு பிழை இருந்தால் பிரவுசர் எப்படியோ ஒப்பேற்றிவிடும். எக்ஸ்எம்எல் அப்படி இல்லை. 1998-ல் விதிகளை வகுத்தபோதே, அமைப்பில் பிழை கண்டால் பார்சர் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அதனால் ஃபீடைப் படிக்கும் பிஎச்பி ஃபங்ஷனான சிம்பிள்எக்ஸ்எம்எல்_லோட்_ஸ்ட்ரிங் அரைகுறையாக எதையும் தராது, 'ஃபால்ஸ்' என்று சொல்லிவிடும். அந்த ஃபால்ஸை வைத்துக்கொண்டு நீங்கள் ஃபீடுக்குள் தேடும் எக்ஸ்பாத்தைக் கூப்பிடுகிறீர்கள். லாகில் உள்ள இரண்டாவது எர்ரர் அது. பக்கம் அந்த இடத்தில் செத்துப்போகிறது.

ஃபீடை அனுப்புகிறவர்களுக்கு இன்றே எழுதுங்கள். & குறியை ஒட்டி ஏ, எம், பி என்ற மூன்று சின்ன ஆங்கில எழுத்துகள், அப்புறம் ஓர் அரைப்புள்ளி; இப்படித்தான் அவர்கள் அனுப்ப வேண்டும். அவர்கள் திருத்தும்வரை நீங்களே, எழுத்துகளைத் தேடி மாற்றும் பிரெக்_ரிப்ளேஸ் வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் எல்லா & குறிகளையும் மாற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே சரியாக எழுதப்பட்டவை இரட்டித்துக் கெட்டுவிடும். பின்னால் ஒரு குறியீட்டுப் பெயரும் அரைப்புள்ளியும் வராத & மட்டும்தான் மாற வேண்டும்.

ஃபீட் அடுத்தவர் எழுதி அனுப்புவது. நாளைக்கு வேறொரு விதத்தில் உடையும். தோட்டத்திலிருந்து வந்த காயைச் சல்லடையில் போடாமல் உங்கள் மாமா மூட்டை கட்டுவாரா? ஃபீடையும் அப்படித்தான் சலித்து எடுக்க வேண்டும். லோட் செய்வதற்கு முன் லிப்எக்ஸ்எம்எல்_யூஸ்_இன்டர்னல்_எர்ரர்ஸ் என்பதை 'ட்ரூ' என்று வையுங்கள், எர்ரர்களை அது சேர்த்துவைக்கும். லோட் செய்தபின், கிடைத்தது ஃபால்ஸா என்று மூன்று சமக்குறி போட்டுச் சோதியுங்கள். வெறும் 'இஃப்' போதாது, உள்ளே ஒன்றுமில்லாத எலிமென்டையும் பிஎச்பி ஃபால்ஸாகவே எடுத்துக்கொள்ளும். ஃபால்ஸ்தான் என்றால் லிப்எக்ஸ்எம்எல்_கெட்_எர்ரர்ஸ் தரும் வரி எண்ணையும் செய்தியையும் லாகில் எழுதிவிட்டு நின்றுவிடுங்கள்.

தேதிக்கு வருவோம். மேலே உள்ள மாதிரியில் தேதி தனிக் குறிச்சொல்லாக இல்லை, ஏலம் என்ற குறிச்சொல்லுக்குள்ளேயே ஆட்ரிபியூட்டாக, அதாவது அதன் பண்பாக ஒட்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் குறிச்சொல்லுக்குத்தான் அம்புக்குறி: $ஏலம்->சராசரி. ஆட்ரிபியூட்டுக்குச் சதுர அடைப்பு: $ஏலம்['தேதி']. நீங்கள் இரண்டுக்கும் அம்புக்குறி போட்டிருப்பீர்கள். இல்லாத குறிச்சொல்லைக் கேட்டால் சிம்பிள்எக்ஸ்எம்எல் எர்ரர் சொல்லாது, சத்தமில்லாமல் காலியைத் தரும். இரண்டு இடத்திலும் கைக்கு வருவது ஆப்ஜெக்ட்தான். ஆகவே முன்னால் (ஸ்ட்ரிங்) போட்டு எழுத்தாக மாற்றிக்கொண்ட பிறகே மற்ற வேலை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இது காசு விஷயம். சராசரியில் 2,450.75 என்று நடுவில் கமா இருக்கிறது. அதை நேரே (ஃப்ளோட்), அதாவது தசம எண் ஆக்கினால் பிஎச்பி கமாவரை படித்துவிட்டு நின்றுவிடும். கிடைப்பது 2. கிலோ இரண்டு ரூபாய்! அதை யாராவது கவனித்துவிடுவார்கள். ஆனால் வாரச் சராசரி போடும் பக்கத்தில் ஒரே ஒரு நாள் இப்படி நுழைந்தால், விலை இறங்கிவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். முதலில் எஸ்டிஆர்_ரிப்ளேஸ் போட்டுக் கமாவை எடுத்துவிடுங்கள். அப்புறம், சராசரி அதிகபட்சத்தைவிடக் கூடுதலாக இருந்தாலோ சுழியமாக இருந்தாலோ அந்த நாள் பதிவை ஏற்காதீர்கள்.

கிறுக்கலுக்கு ஒரு எளிய சோதனை. பக்கத்தில் நீங்களே தமிழில் எழுதிய தலைப்பு சரியாகத் தெரிகிறதா? அதுவும் கிறுக்கல் என்றால் உங்கள் எச்டிஎம்எல்லில் யூடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை) என்ற அறிவிப்பு இல்லை. தலைப்பு சரியாக இருந்து ஃபீடிலிருந்து வந்தது மட்டும் கிறுக்கல் என்றால், ஃபீடின் முதல் வரியைப் பாருங்கள். அநேகமாக ஐஎஸ்ஓ-8859-1 என்று, தமிழ் இல்லாத வேறொரு முறையைப் போட்டிருக்கும், உள்ளே இருப்பதோ யூடிஎஃப்-8. 'அ' என்ற ஒரு தமிழ் எழுத்துக்கு யூடிஎஃப்-8-ல் மூன்று பைட். அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படித்தால் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று வந்து நிற்கும். நீங்கள் பார்த்த கிறுக்கலில் அவை திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். முதல் வரியை மாற்றச் சொல்லுங்கள், அல்லது லோட் செய்யும் முன் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஒருவர் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஃபீடைப் போய் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். அவர்கள் சர்வர் மந்தமானால் உங்கள் பக்கமும் நின்றுவிடும். பிஎச்பி வழக்கமாக 60 வினாடிவரை காத்திருக்கும், மலையில் விட்டுவிட்டு வரும் சிக்னலில் அதுவரை யார் பொறுப்பார்கள்? ஃபீடை எடுப்பதற்குத் தனி ஃபைல் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் அரைமணிக்கு ஒருமுறை ஓட விடுங்கள். இணையத்திலிருந்து ஃபீடை இறக்கித் தரும் கர்ல் வைத்து, 10 வினாடி வரம்பு போட்டு எடுங்கள். எல்லாச் சோதனையும் தாண்டினால் மட்டும் விலையை ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, அதை ரீநேம் செய்து பழையதன் இடத்தில் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் திறந்தாலும் பாதி விலை கண்ணில் படாது. ஃபீட் உடைந்த நாளிலும் கடைசியாக வந்த நல்ல விலை அங்கே இருக்கும்.

அந்தப் பழைய விலையை எந்தத் தேதிக்குரியது என்று சொல்லாமல் மட்டும் காட்டாதீர்கள். மூட்டையை இன்றே கொடுப்பதா, வைத்திருப்பதா என்று ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் தேதியைப் போடுங்கள். இன்றைய தேதி இல்லையென்றால் 'இன்றைய விலை இன்னும் வரவில்லை' என்று மேலே ஒரு வரி. திரையில் அச்சிடும்போது எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் வழியாக அனுப்ப மறக்க வேண்டாம், கம்பெனி பெயரில் அந்த & இப்போது திரும்ப வந்திருக்கும்.