பழைய ஓடுபாதையில் வாழை போடலாமா?

கேள்வி: பினாங்கில் சுங்கை பாக்காப் பக்கம், பழைய தோட்டம் ஒன்றின் விமான ஓடுபாதை இருந்த நிலத்தை நானும் அண்ணனும் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். விமானம் இறங்கிப் பல வருடமாகிறது, லாலாங் புல் மண்டிக் கிடக்கிறது. மேலே நல்ல மண் கொட்டி வாழையும் மிளகாயும் போடலாமா?

பதில்: மண் லோரிக்கு இன்னும் சொல்லவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்திவையுங்கள். ஓடுபாதையைக் கட்டுவதே தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது என்றுதான். செம்மண் சரளை பரப்பி, ரோலர் விட்டு இறுக்கி, நடுவை மேடாக்கியிருப்பார்கள். அதன்மேல் ஒரு முழம் மண் கொட்டி நடுவது தாம்பாளத்தில் நடுவது மாதிரி. மிளகாய் அடைமழையில் வேரழுகிப் போகும். வாழை பச்சையாக நின்று ஆசை காட்டும், குலை தள்ளியதும் பிடிப்பில்லாமல் சாயும்.

மைலோ டின் ஒன்றின் அடியையும் வெட்டி எடுத்து, ஓடுபாதையின் நடுவில் தட்டி இறக்குங்கள். இறங்காவிட்டால் விளிம்பைச் சுற்றிக் களிமண் அப்புங்கள். ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி நேரம் பாருங்கள். ஓடுபாதைக்கு வெளியே, புல் செழித்த இடத்திலும் இதையே செய்யுங்கள். அங்கே உறிஞ்சிய தண்ணீர் நடுவில் அரை மணி கழித்தும் நின்றால், வேரும் ஓடுபாதையில் இறங்காது.

தார் இருந்தால் முதலில் அதைப் பெயர்த்து ஒதுக்குங்கள். எரிக்கவோ மண்ணோடு சேர்த்து உழவோ வேண்டாம். பிறகு புல்டோசரில் ரிப்பர் (மண்ணைக் கீறும் இரும்புக் கொக்கி) மாட்டி 50 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் அதற்குச் சரியான நேரம். ஈரத்தில் கீறினால் அடியிலுள்ள களி உடையாது, பூசினாற்போல் வழவழத்து மறுபடி இறுகிவிடும். கீறிய பின் டோலமைட் சுண்ணாம்பு போட்டு, செம்பனைத் தோட்டங்களில் படரவிடும் பியூராரியா கொடியை ஒரு வருடம் விடுங்கள்.

இன்னொன்று. பெயர்த்த செம்மண்ணை இலவசமாக அள்ளிக்கொள்கிறேன் என்று கான்ட்ராக்டர் எவராவது வருவார். நிலத்துக்குள் பயன்படுத்துவது வேறு. எல்லைக்கு வெளியே ஏற்ற நில அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நில உரிமையாளரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை, பூச்சிமருந்தும் களைமருந்தும் கலக்கிய இடம்தான். விமானத்தில் மருந்து தூவியிருந்தால், கலக்கிய திட்டும் பீப்பாய்க் கொட்டகையும் பெரும்பாலும் ஓடுபாதையின் ஒரு முனையில் இருந்திருக்கும். நம் ரப்பர் தோட்டங்களில் களைக்குச் சோடியம் ஆர்சனைட் அடித்த காலம் உண்டு. ஆர்சனிக் மட்கி மறைகிற பொருளல்ல. விமானப் பெட்ரோலில் ஈயமும் உண்டு. சிமெண்டுத் திட்டு, துருப்பிடித்த பீப்பாய் வளையம், லாலாங்கூட முளைக்காத வட்டம் கண்ணில் பட்டால், அங்கே தனியாக மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சாதாரண உரச் சோதனையில் இது தெரியாது. ஆர்சனிக், ஈயம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது இருந்தால் ஒரு நாள் காரில் அழைத்துப் போங்கள். எங்கே மருந்து கலக்கினார்கள் என்று நின்ற இடத்திலிருந்தே காட்டுவார்கள். முடிவு வரும்வரை அந்த முனையில் ஆடு மாடு மேய விடாதீர்கள்.

இந்த வருடமே மிளகாய் வேண்டுமா? ஓடுபாதை போட்டபோது வழித்த மேல்மண்ணைப் பெரும்பாலும் ஓரத்தில்தான் வரப்பாகக் குவித்திருப்பார்கள். மருந்து கலக்கிய முனையிலிருந்து தள்ளி, டின்னில் தண்ணீர் சீக்கிரம் இறங்குகிற இடமாகப் பார்த்து அந்த வரப்பில் நடுங்கள்.