இடைக்காலத் தேர்தலில் ஆளும் கட்சி தோற்றால் அடுத்த அதிபர் தேர்தலும் போச்சா?

கேள்வி: "அமெரிக்காவில் குடியுரிமை வாங்கி முதல் ஓட்டு போட்டவன் நான். நான் ஆதரிக்கும் கட்சிதான் வெள்ளை மாளிகையில் இருக்கிறது. இடைக்காலத் தேர்தலில் இப்படி அடி வாங்கினால் அடுத்த அதிபர் தேர்தலும் போச்சா? நம்பிக்கை வைக்க ஏதாவது இருக்கிறதா?"

அதிபர் தேர்தலை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்றால், நிம்மதியாகத் தூங்குங்கள். கவலைப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். டிவியில் சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடம், ஓரத்தில் கீழவை (நம் மக்களவை மாதிரி) எண்ணிக்கை, அதோடு டிவியை அணைத்திருப்பீர்கள். அந்த வரைபடம் நிலத்துக்கு வண்ணம் அடிப்பது. ஒரே ஒரு கீழவை இடம் உள்ள வயோமிங் அதில் மைதானம் போலத் தெரியும், 12 இடம் உள்ள நியூ ஜெர்சி சுண்டைக்காய் அளவுக்கு இருக்கும்.

நீங்கள் எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கீழே வரும் உதாரணங்களில் ஜனநாயகக் கட்சி அதிகம் அடிபடுகிறது. 1994, 2010, 2014 மூன்றிலும் தோற்றது அவர்கள் என்பதால்தான். "நடுநிலை இல்லை" என்று பின்னூட்டத்தில் வருபவர்கள் இந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு வரவும்.

முதலில் பழைய கணக்கு. அதிபரின் நான்கு வருடப் பதவிக்கு நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில் அவர் கட்சி கீழவையில் இடம் இழப்பதுதான் அங்கே வாடிக்கை. கடந்த நூறு ஆண்டுகளில் மூன்றே முறைதான் இடம் கூடியிருக்கிறது: 1934-ல் ரூஸ்வெல்ட், 1998-ல் கிளின்டன், 2002-ல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான சராசரி இழப்பு 25 இடங்களையொட்டி வரும். அந்த இழப்புக்கும் இரண்டு வருடம் கழித்து வரும் அதிபர் தேர்தலுக்கும் முடிச்சுப் போட முடியுமா என்று பாருங்கள். 1982-ல் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியபோது ரீகன் கட்சி 26 இடம் இழந்தது. 1984-ல் அவர் 49 மாநிலங்களை அள்ளினார். 1994-ல் கிளின்டன் கட்சி கீழவையில் 54, மேலவையான செனட்டில் 8 இடம் இழந்து, 40 வருடமாகக் கையில் இருந்த கீழவையைப் பறிகொடுத்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே சொந்தத் தொகுதியில் தோற்றார். 1996-ல் கிளின்டன், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவின் 538 ஓட்டில் 379 வாங்கி மறுபடி அதிபர். 2010-ல் ஒபாமா கட்சிக்கு 63 இடம் போனது, 2012-ல் அவருக்கு அந்தக் குழுவில் 332.

இப்போது மறுபக்கம். 2022-ல் பைடன் கட்சி 9 இடம்தான் இழந்தது, செனட்டில் ஒன்று கூடவும் செய்தது. பெரிய கண்டத்திலிருந்து தப்பித்ததாகக் கொண்டாடினார்கள். 2024-ல் அதிபர் பதவியும் செனட்டும் போயின, கீழவையும் திரும்பக் கிடைக்கவில்லை. "2018-ல் டிரம்ப் கட்சி 40 இடம் இழந்தது, 2020-ல் அவர் தோற்றாரே?" என்று ஒருவர் கேட்பார். தோற்றார்தான். ஆனால் அதே 2020-ல் அவர் கட்சி கீழவையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது. எனவே இந்த எண்ணை வைத்து ஜோசியம் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இழப்பு எவ்வளவு என்று பார்க்கும்போது, எந்த உயரத்திலிருந்து விழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008-ல் ஜனநாயகக் கட்சிக்குக் கீழவையில் 257 இடம். அதில் ஐம்பது பேருக்குக் கிட்ட, அதிபர் ஓட்டில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் ஜெயித்த தொகுதிகளில் உட்கார்ந்திருந்தார்கள். எப்படியும் ஒருநாள் திரும்பப் போகும் இடங்கள் அவை. 2022-ல் கையில் இருந்ததே 222 என்பதால் இழக்க அவ்வளவு இருக்கவில்லை.

அடுத்தது ஓட்டுக் கணக்கு. இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். தோல்வி இரண்டு விதம்: நம் ஆள் வீட்டிலேயே இருந்துவிட்டான், அல்லது எதிர்க்கட்சிக்குப் போய்விட்டான். முதலாவது இரண்டு வருடத்தில் சரியாகலாம். இரண்டாவதற்குத்தான் பயப்பட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க, உங்கள் மாநிலத்தின் தேர்தல் அதிகாரி தளத்தில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியான இறுதி எண்ணிக்கையை எடுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது மாநிலச் செயலாளர் அலுவலகத்திடம் இருக்கும். இதைப் போன அதிபர் தேர்தலோடு ஒப்பிடக் கூடாது. நான்கு வருடம் முந்தைய இடைக்காலத் தேர்தலோடுதான் ஒப்பிட வேண்டும். நம் ஓட்டு மட்டும் குறைந்திருந்தால் நம் ஆள் வீட்டில் இருந்திருக்கிறான், குறைந்த அளவுக்கு எதிர்க்கட்சிக்குக் கூடியிருந்தால் அங்கே போயிருக்கிறான். அதிபர் தேர்தலுக்கு 60 சதவீதத்துக்கு மேல் வரும் கூட்டம் இடைக்காலத்தில் வராது: 2014-ல் தகுதியுள்ளவர்களில் சுமார் 36 சதவீதம்தான் வந்தார்கள், 2018-ல் சுமார் 50, 2022-ல் சுமார் 46. அதிபர் தேர்தலோடு ஒப்பிட்டால் எந்தக் கட்சிக்கும் ஓட்டு குறைந்ததாகத்தான் காட்டும்.

கீழவை ஓட்டுகளை மாநிலம் முழுவதும் கூட்டாதீர்கள், ஆளுநர் போட்டியின் ஓட்டை எடுங்கள். (ஆளுநர் என்றதும் ராஜ்பவன் ஞாபகம் வர வேண்டாம். அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர், வேலை நம் முதலமைச்சருடையது.) காரணம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் எதிர்ப்பே இல்லாத வேட்பாளரின் பெயர் ஓட்டுச்சீட்டிலேயே வராது, அந்தத் தொகுதியில் ஓட்டு பூஜ்யம். கலிபோர்னியாவில் முதல் சுற்றில் முன்னால் வரும் இருவரும் ஒரே கட்சியாக இருந்தால் நவம்பரில் மற்றக் கட்சிக்கு அங்கே ஓட்டே விழாது. இரண்டையும் கூட்டிப் போட்டு "நாடு முழுவதும் எங்களுக்கு இத்தனை சதவீதம்" என்று சொல்வது அரைகுறைக் கணக்கு. கவுண்டி எல்லை மாறாது, தொகுதி எல்லை மாறும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இதையெல்லாம் தேர்தல் இரவிலேயே செய்யாதீர்கள். கலிபோர்னியாவில் தேர்தல் நாளன்று தபால் முத்திரை விழுந்த ஓட்டு ஏழு நாள் கழித்து வந்தாலும் செல்லும், கவுண்டிகள் எண்ணி முடிக்க ஒரு மாதம் வரை ஆகலாம். 2018-ல் அங்கே 21-ஆம் தொகுதியில் குடியரசுக் கட்சிக்காரர் வென்றதாகச் செய்தியே வந்துவிட்டது. வாரக்கணக்கில் எண்ணி முடித்தபோது 862 ஓட்டில் அவர் தோற்றிருந்தார். டிசம்பர் நடுவரை பொறுங்கள்.

சரி, கவலைக்கு வருவோம். மாநிலச் சட்டமன்றங்கள். 2010-ல் எல்லோரும் அந்த 63-ஐப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே இரவில் மாநிலச் சட்டமன்றங்களில் ஜனநாயகக் கட்சி 650-க்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது, செய்தியில் அது கடைசி வரி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டு. கணக்கெடுப்பு முடிந்ததும் கீழவைத் தொகுதிகளின் எல்லையைப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே வரைகிறது, ஆளுநர் கையெழுத்திடுகிறார். குடியரசுக் கட்சியின் ஒரு பிரிவு இதை முன்பே யோசித்து, ரெட்மேப் என்று பெயர் வைத்து, சுமார் 3 கோடி டாலரைச் சின்னச் சின்னச் சட்டமன்றத் தொகுதிகளில் இறக்கியது. அதே ஆண்டு கனெக்டிகட்டில் அதே கட்சியின் லிண்டா மெக்மஹன் ஒற்றை செனட் இடத்துக்குச் சொந்தப் பணம் சுமார் 5 கோடி டாலர் செலவழித்துத் தோற்றார். எது மலிவான சரக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

விளைவு 2012-ல் தெரிந்தது. ஒபாமா ஜெயித்தார், கீழவைக்கு விழுந்த மொத்த ஓட்டிலும் ஜனநாயகக் கட்சி பத்து லட்சத்துக்கு மேல் முன்னிலை. (மேலே சொன்ன கூட்டல் குறை இதற்கும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.) இடங்கள் 234-க்கு 201, குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக. பென்சில்வேனியாவில் ஓட்டு ஏறக்குறைய சரிபாதி, 18 இடத்தில் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது 5. வட கரோலினாவில் அதிக ஓட்டு வாங்கியும் 13-ல் 4. அந்த மாநிலத்தில் எல்லை வரைபடத்தை ரத்து செய்யும் அதிகாரம் ஆளுநருக்கே கிடையாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விஸ்கான்சின்தான் இதற்கெல்லாம் பாடப்புத்தகம். 2010-ல் ஒரே இரவில் ஆளுநர், சட்டமன்றத்தின் இரு அவைகள் மூன்றும் கைமாறின. 2012-ல் சட்டமன்றக் கீழ்ச்சபையில் குடியரசுக் கட்சி 48.6 சதவீத ஓட்டில் 99-க்கு 60 இடம் எடுத்தது. வழக்குப் போட்டார்கள். கட்சி ஆதாயத்துக்கு எல்லை வரைவது எங்கள் வேலைக்கு உட்பட்டதல்ல என்று 2019-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கைவிரித்தது. மிச்சம் இருந்தது மாநில உச்ச நீதிமன்றம். விஸ்கான்சினில் அந்த நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் ஏப்ரல் மாதத்தில், பலருக்குத் தெரியாத ஒரு தேர்தலில். 2023 ஏப்ரலில் அந்த ஒரு இடம் கைமாறியது. டிசம்பரில் நீதிமன்றம் பழைய வரைபடத்தைத் தள்ளியது, 2024 பிப்ரவரியில் புதியது வந்தது, அந்த நவம்பரில் கீழ்ச்சபையில் ஜனநாயகக் கட்சி 35-லிருந்து 45-க்கு ஏறியது. 2010-ல் ஒரு இரவில் போனதில் பாதியை மீட்கப் பதினான்கு வருடம். இதற்கிடையில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-ல் தீர்ப்பு வந்தபோது, வேண்டாம் என்ற மாநிலங்களில் விஸ்கான்சினும் ஒன்று.

மிச்சிகன்காரர்கள் கொஞ்சம் புத்திசாலிகள். 2018-ல் கையெழுத்து வேட்டை நடத்தி, எல்லை வரைவதைக் குடிமக்கள் ஆணையத்திடம் கொடுக்கும் திருத்தத்தை நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். எல்லா மாநிலத்திலும் இது முடியாது. குடிமக்கள் மனுவால் அரசியலமைப்பைத் திருத்த அனுமதிக்காத மாநிலங்கள் பல.

சட்டமன்ற ஓட்டு எவ்வளவு சின்னது என்பதற்கு வர்ஜீனியா. 2017-ல் ஒரு தொகுதியில் இருவருக்கும் ஆளுக்கு 11,608. நம் உத்திரமேரூர் குடவோலை மாதிரியே, பெயரெழுதிய சீட்டை ஃபிலிம் டப்பாவில் போட்டு, பீங்கான் கிண்ணத்திலிருந்து எடுத்தார்கள். அந்தச் சபையில் யாருக்குப் பெரும்பான்மை என்பதையே அந்தக் கிண்ணம்தான் சொன்னது: 51-க்கு 49.

செனட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஆறு வருடப் பதவி, ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குதான் தேர்தலுக்கு வரும். ஆகவே எந்த மாநிலங்கள் வந்தன என்று பாருங்கள். 2018-ல் கீழவையில் 40 பிடித்த அதே ஜனநாயகக் கட்சி செனட்டில் 2 இழந்தது, காரணம் காப்பாற்ற வேண்டிய இடங்களில் பத்து டிரம்ப் ஜெயித்த மாநிலங்களில் இருந்தன. 2014-ல் இழந்த ஒன்பதில் 2020-ல் திரும்பி வந்தது கொலராடோ ஒன்றுதான்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை. நவம்பரில் தோற்றாலும் பழைய சபை ஜனவரி 3 வரை உயிரோடு இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் உங்கள் கட்சி என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள், நம்பிக்கைக்கோ எரிச்சலுக்கோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. 2010 டிசம்பரில் ராணுவத்தில் ஓரினச்சேர்க்கையாளர்கள் தங்களை மறைக்க வேண்டும் என்ற விதியை நீக்கினார்கள், ரஷ்யாவோடு அணு ஆயுத ஒப்பந்தத்தை ஏற்றார்கள். நல்லது. ஆனால் அரசு வாங்கக்கூடிய கடனின் உச்சவரம்பை உயர்த்தாமல் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். புதிய சபை அதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசியது. 2011 ஆகஸ்டில் அமெரிக்காவின் கடன் தரம் முதல்முறையாக ஒரு படி இறங்கியது. பாடம் படித்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். 2022 டிசம்பரிலும் அதையே விட்டார்கள், 2023-ல் அதே கூத்து, அந்த ஆகஸ்டில் இன்னொரு நிறுவனமும் தரத்தை இறக்கியது.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சல். தமிழ் ஊடகங்களில் பல இதை "அமெரிக்க இடைத்தேர்தல்" என்றே எழுதுகின்றன. இடைத்தேர்தல் என்பது காலியான ஒரு தொகுதிக்கு நடப்பது, அதை நம்மூரில் பெரும்பாலும் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும். அங்கே கீழவையின் 435 இடமும் ஒரே நாளில் தேர்தலுக்கு வருகிறது, பெரும்பாலும் ஆளுங்கட்சி தோற்கிறது. இந்த ஒரு சொல்லால் படிப்பவருக்குத் தலைகீழான படம் போய்ச் சேருகிறது. "அதிபருக்கு மரண அடி" என்று தலைப்பு வைப்பவருக்கு அடுத்த தேர்தலில் அதே அதிபர் ஜெயிக்கும்போது கூச்சமே வருவதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த கணக்கெடுப்பு 2030, அதுவும் இடைக்காலத் தேர்தல் ஆண்டு. பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரைவார்கள் என்பதும் இப்போது உத்தரவாதம் இல்லை. டெக்சாஸ் 2003-லும் 2025-லும் நடுவில் மாற்றியது, பதிலுக்குக் கலிபோர்னியா 2025 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்துத் தானும் மாற்றியது. உங்கள் மாநிலத்தில் எல்லை யார் கையில், ஆளுநருக்கு ரத்து அதிகாரம் உண்டா, மாநில நீதிபதிகள் நியமனமா தேர்தலா, சட்டமன்றப் பெரும்பான்மை எத்தனை இடத்தில் தொங்குகிறது என்ற நான்கையும் எழுதி வையுங்கள். நான்கும் உங்கள் கட்சிக்கு எதிராக இருந்தால் கவலை நியாயம்தான், அதிபர் யாராக இருந்தாலும். எந்த மாநிலம் என்று பின்னூட்டத்தில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். அயோவா என்றால் மட்டும் கதை வேறு, அங்கே வரைவது கட்சி சாராத சட்டமன்றப் பணியாளர்கள்.