சாயம் விடும் சுங்குடி, கறுக்கும் ஜிமிக்கி: காசிக்கு எதை எடுத்துப் போவது?

கேள்வி: சேலத்தில் கல்லூரி ஆசிரியையாக இருக்கிறேன். 3 வருடமாகக் கைத்தறிப் புடவையும் கையால் செய்த நகையும்தான். ஜனவரியில் அம்மாவோடு 12 நாள் காசிப் பயணம். போக ரயில், வர விமானம். போன முறை ராமேஸ்வரம் போனபோது சிவப்புச் சுங்குடி சாயம் விட்டு வெள்ளை ரவிக்கை பாழாகிவிட்டது. பட்டுப்பையில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்த வெள்ளி ஜிமிக்கி கறுத்துவிட்டது. டெரகோட்டா தோடு ஒன்று உடைந்தது. அம்மாவுக்கு 'ஜெர்மன் சில்வர்' தோடு போட்டாலே காது புண்ணாகிறது. விரலில் யானைமுடி மோதிரம் வேறு. "இந்த ஒரு தடவை பாலியெஸ்டரைக் கட்டிக்கொண்டு போயேன்" என்கிறார் கணவர். அவர் சொல்வதைக் கேட்கலாமா? – ஒரு வாசகி

பதில்: பாதி கேட்கலாம். எந்தப் பாதி என்று கடைசியில் சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும்போது வியர்த்த ரவிக்கையை அன்று மாலையே அலசிவிடுகிறோம், தோட்டைக் கழற்றி அதே கிண்ணத்தில் போடுகிறோம். வெளியூரில் அது நடக்காது. 2 நாள் ரயிலில் கசங்கி, விடுதிக் குளியலறையில் அவசரமாக அலசி, ஈரம் காயாமலே சுருட்டிப் பைக்குள் திணிப்போம். ஆனாலும் நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். புடவை கிழியவில்லை. சாயம்தான் நூலை விட்டது. தோடும், நான் நினைப்பது சரியென்றால், கம்பி கோத்த துளையில்தான் விட்டிருக்கும். கைப்பொருள் பெரும்பாலும் ஒன்றோடு ஒன்று சேர்கிற இடத்தில்தான் கெடும். அதனால் பெட்டி கட்டும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, "இதை எது பிடித்து நிறுத்துகிறது?" என்று கேளுங்கள். சாயமா, நூலா, பசையா, அரக்கா, பற்றவைப்பா? பதில் தெரிந்தால் எடுத்துப் போகலாமா என்பதும் தெரிந்துவிடும். வெள்ளி கறுத்தது மட்டும் வேறு கதை.

முதலில் சுங்குடி. துணியைப் பொடித் துளியாகக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் இறங்காது. அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. மதுரைச் சௌராஷ்டிரர் வீடுகளில் வழிவழியாக வந்த வேலை இது. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கட்டிச் செய்த புதுப் புடவையைத் தடவினால் புள்ளிக்குப் புள்ளி சின்னக் குமிழ் விரலில் தட்டும். தட்டையாக இருந்தால் மெழுகு அச்சு அல்லது வெறும் அச்சு. அதையும் கட்டலாம், குற்றமில்லை. முடிச்சுச் சுங்குடியின் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

எந்த வகையானாலும் சாயம் விடுவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்ளும். பிணையாமல் மிஞ்சிய சாயம் இழையின் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். பட்டறையிலேயே கொதிநீரில் சோப்புப் போட்டு அதை அலசி எடுக்க வேண்டும். தண்ணீருக்கும் விறகுக்கும் கணக்குப் பார்க்கிற பட்டறை ஒரு அலசலோடு நிறுத்திவிடும். அந்த மிச்சத்தைத்தான் நீங்கள் வீட்டில் பார்க்கிறீர்கள். அது நாலைந்து அலசலில் நின்றுவிடும். டைரக்ட் சாயம் அப்படியில்லை; பிடிமானமே லேசு. பத்தாவது அலசலிலும் வாளித் தண்ணீர் சிவந்தால் அது வாழ்நாள் முழுக்க விடும்.

உங்கள் புடவை எந்த ரகம் என்று பார்க்க ஒரு வெள்ளைக் கைக்குட்டை போதும். அதை நனைத்துப் பிழிந்து, புடவையின் உள்முனையில் வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியைக் காய்கிறவரை அழுத்துங்கள். கைக்குட்டையில் கறை ஏறுகிறதா? புடவையை அலசிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் கறை வெளிறிக்கொண்டே வந்தால் முதல் ரகம். 4 தடவைக்குப் பிறகும் அதே சிவப்பு என்றால் அந்தப் புடவை வீட்டோடு இருக்கட்டும். காய்ந்த கைக்குட்டையாலும் ஒரு தரம் தேய்த்துப் பாருங்கள். அவுரி நீலம் நனைத்தால் அதிகம் விடாது, உரசினால் விடும். நீலப் புடவையும் வெள்ளைக் கைப்பையும் சேர்ந்தால் பை நீலமாகும்.

"உப்புத் தண்ணீரில் ஊற வை, சாயம் நிற்கும்" என்று நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். பட்டறையில் சாயத் தொட்டியில் உப்புப் போடுவது உண்மைதான். சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழைப் பக்கம் தள்ள அது உதவும். சாயமேற்றி முடித்த துணியில் உப்பு எதையும் பிணைக்காது. அந்த ஒரு வாளியில் சாயம் கரைவது குறையும், அவ்வளவுதான். அடுத்த வாளியில் பழைய கதை. வினிகரும் அப்படியே: பட்டுக்கும் கம்பளிக்கும் ஏற்றுகிற அமிலச் சாயத்துக்குத்தான் அதில் வேலை, பருத்திக்கு இல்லை. உண்மையில் கெடுதல் செய்வது அந்த 'ஊற வை' என்கிற பாதிதான். மணிக்கணக்கில் ஊறும்போது கரையின் அரக்கு நிறச் சாயம் புடவையின் உடல் பகுதிக்கு இறங்கும். சுங்குடியின் வெள்ளைப் புள்ளி ரோஜா நிறத்துக்கு மாறுவது இப்படித்தான். பச்சைத் தண்ணீரில் முக்கினோமா, உதறினோமா, நிழலில் விரித்தோமா என்று இருக்க வேண்டும்.

ரவிக்கையில் மறுபடி கறை பட்டால் காயவிடாதீர்கள், இஸ்திரி போடவே போடாதீர்கள். வெள்ளைப் பருத்திதானே, உடனே நல்ல சுடுநீரில் சோப்புத்தூள் போட்டு ஊற வையுங்கள்; மிச்சச் சாயம் என்றால் பெரும்பாலும் வந்துவிடும்.

இயற்கைச் சாயத் துணி இருந்தால் சோப்பில் கவனம். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதல்லவா, மஞ்சள் தோய்த்த துணியில் காரமான சோப்புப் பட்டாலும் அதேதான் நடக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். கலம்காரியின் கறுப்பு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊற வைத்த நீரில் பிறந்தது. எலுமிச்சம்பழச் சாறு பட்டால் வெளிறும். ரயிலில் எலுமிச்சை சாதம் கட்டிப் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது!

புதுக் கைத்தறி என்றால் இன்னொன்று. பலரும் புடவையை நனைக்காமல் ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கிறார்கள். முதல் அலசலில் புடவை ஒரு அளவு சுருங்கும், ஃபால்ஸ் துணி ஒரு அளவு சுருங்கும். கொசுவத்தின் அடி முழுக்கச் சுருக்கு விழும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் போகாது. புடவை, ஃபால்ஸ், ரவிக்கைத் துணி மூன்றையும் தனித்தனியாக நனைத்துக் காயவைத்த பிறகுதான் டெய்லரிடம் போக வேண்டும்.

எத்தனை புடவை? 12 நாளைக்கு 5 போதும், ரவிக்கை 6. ரவிக்கைதான் வியர்வையை வாங்குகிறது. நெருக்கமாக நெய்த கண்டாங்கி இரண்டு எடுங்கள். செட்டிநாட்டுக் கட்டம் கசங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. 100, 120 எண் நூலில் நெய்த மெல்லிசுப் புடவை ஜனவரிக் காசிக்கு உதவாது. விடியற்காலைக் குளிரில் பல் கிடுகிடுக்கும்போது அதன் அருமை தெரியாது. கஞ்சி போடாமல் எடுங்கள், ஈரக்காற்றில் கஞ்சி நொசநொசக்கும். ஒவ்வொரு புடவைக்குள்ளும் அதன் ரவிக்கையையும் பாவாடையையும் வைத்து பாய் மாதிரி சுருட்டுங்கள். மடிப்பு விழாது, காலையில் தேடவும் வேண்டாம். ஜரிகைப் புடவை ஒன்று போதும். சுருட்டும்போது ஜரிகை மடியாமல் பாருங்கள். மடிப்பில்தான் அது முறியும்.

இப்போது வெள்ளி. ஜிமிக்கி கறுத்ததற்குக் குற்றவாளி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ரப்பர் பேண்ட். ரப்பரை வலுவாக்க அதில் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகமும் வெள்ளியும் சேர்ந்தால் கறுப்பு. கம்பளியிலும் கந்தகம் உண்டு, அதனால் சால்வைக்குள் வெள்ளியைச் சுருட்டி வைக்காதீர்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, ஜிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் உறையில் காற்றைப் பிதுக்கிவிட்டு மூடுங்கள். கறுத்துவிட்டாலும் கவலையில்லை, நகை கெடவில்லை. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, நகை அதைத் தொடும்படி வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுச் சுடுநீரை ஊற்றினால் சில நிமிடங்களில் கறுப்பு விலகும்.

இதைச் செய்யுமுன் மறுபடி அதே கேள்வி: எது பிடித்து நிறுத்துகிறது? முத்தோ கல்லோ பசையில் ஒட்டியிருந்தால் சுடுநீர் கூடாது. உள்ளே குடைவாகச் செய்து அரக்கு நிரப்பிய பழைய நகை என்றாலும் கூடாது, அரக்கு இளகிவிடும். என்னிடம் ஒரு அம்மாள் மாமியாருடைய குண்டு மாலையைக் கொண்டுவந்தார். சோடாத் தண்ணீரில் கொதிக்க வைத்திருக்கிறார். குண்டெல்லாம் பளபளவென்று இருந்தது, துளை வழியே அரக்கு ஒழுகி நூலோடு உறைந்திருந்தது. பூ வேலையின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய 'ஆக்சிடைஸ்டு' நகையையும் அந்தத் தண்ணீரில் போடாதீர்கள். ஆசாரி போட்ட நிழலெல்லாம் அழிந்து மொட்டையாக நிற்கும்.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை அது. அம்மாவின் காதைப் புண்ணாக்குவது பெரும்பாலும் அந்த நிக்கல்தான். வியர்க்கும்போது கூடுதலாகக் கசியும். கம்பியில் நகப்பூச்சு தடவலாம் என்பார்கள், அது இரண்டு மூன்று நாளில் உரிந்துபோகும். தோட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். உங்கள் ஊரில் கொலுசு செய்கிற பட்டறைக்கா பஞ்சம்? 92.5 வெள்ளியில் கொக்கி மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். காது முழுதும் ஆறிய பிறகு போடட்டும். ஆறாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

யானைமுடி மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இல் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் வால்முடியில் செய்த பொருளை வாங்குவதும் விற்பதும் குற்றம். கோயில் வாசலில் விற்பதில் பிளாஸ்டிக் இழையும் நிறைய உண்டு, ஆனால் விமான நிலையத்தில் நின்றுகொண்டு "இது பொய் முடிதான் சார்" என்று யார் வாதாடுவது?

டெரகோட்டா சுட்ட மண். தொங்கட்டானைத் தாங்குவது ஒரு மெல்லிய கம்பி, அந்தக் கம்பியைத் தாங்குவது துளையைச் சுற்றிய கடுகளவு மண். உடைந்தது அந்த விளிம்பு என்றால் ஒட்டாதீர்கள், மறுபடி விடும். பயணத்துக்குக் காதோடு ஒட்டிய தோடு போதும். கம்பளிச் சால்வை போர்த்துகிற ஊரில் தொங்கட்டானே தொல்லை. சால்வையை உதறும்போது ஜிமிக்கியின் முத்து இழையில் மாட்டும், காதும் கிழியும், இழையும் இழுபடும். குடைஜிமிக்கி போட்டே தீருவேன் என்றால் மாட்டலோடு போடுங்கள். திருகாணியை இரவில் ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள்.

கழுத்துக்குப் பாசிமணி நல்ல துணை. நரிக்குறவர் பெண்கள் கோத்து விற்கும் மாலை எடையில்லாதது, தொலைந்தாலும் மனசு அடித்துக்கொள்ளாது. வாங்கியதும் நூலை மட்டும் பாருங்கள். பருத்தி நூல் என்றால் இரட்டை நைலானில் கோத்துக்கொள்ளுங்கள்.

காசிக்குப் போய்ப் பனாரஸ் புடவை வாங்காமல் திரும்பமாட்டீர்கள் என்று தெரியும். கடைக்காரர் விரித்ததும் முந்தியைப் பார்க்காதீர்கள், புரட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பூவின் நூலும் அந்தப் பூவுக்குள்ளேயே திரும்பி முடிந்திருந்தால் பூப் பூவாகத் தனியே நெய்தது. நாள் பிடிக்கும் வேலை, விலையும் அதற்கேற்ப. பூவுக்கு வெளியே வெட்டிய நூல்முனைகள் தெரிந்தால் அகலம் முழுக்க ஓடவிட்டுப் பின்னால் கத்தரித்தது. வெட்டாமலே நூல் தொங்கினால் மெட்டியும் வளையலும் மாட்டி இழுக்கும். பனாரஸ் புடவைக்கு 2009-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்றாலும், அந்தப் பெயரில் விசைத்தறிச் செயற்கைப் பட்டு அங்கேயே மலிந்து கிடக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு இழை கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகும். இழை தரமாட்டேன் என்கிற கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கணவர் சொன்ன பாதி இதுதான்: கங்கையில் முங்க ஒரு பழைய பாலியெஸ்டர் புடவை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குடிக்காது, உடம்பில் கனக்காது, படித்துறைக் காற்றில் சீக்கிரம் காயும். இறங்குமுன் இருவரும் மோதிரங்களைக் கழற்றி யாராவது ஒருவர் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்ளுங்கள். அந்தக் குளிர்நீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவுவது தெரியவே தெரியாது.