கணினி கேள்வி – பதில்: பழைய கணினிக்கு எங்கே வலிக்கிறது?

வீட்டில் பல ஆண்டுகளாக உழைத்துவரும் கணினி மந்தமாகிவிட்டது என்று எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மேசைக் கணினிக்கு ஒன்பது வயதாகிறது. வாங்கிய புதிதில் சுறுசுறுப்பாக இருந்தது. இப்போது பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் அது வேலைக்குத் தயாராகியிருப்பதில்லை. பிராசசர் தேய்ந்துவிட்டதா? புதிதாக வாங்குவதைத் தவிர வேறு வழியில்லையா?

பதில்: கணினியின் மூளையான பிராசசர் தேய்வதில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நொடியில் எத்தனை கணக்குகளைப் போட்டதோ அத்தனையையும் இன்றும் அதனால் போட முடியும். அதன் மீது ஏற்றப்படும் சுமைதான் கூடியிருக்கிறது. இயங்குதளம் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் பெருத்துவந்திருக்கிறது. சாதாரண இணையப் பக்கமும் முன்பைவிடப் பல மடங்கு நிரல்களைச் சுமந்து வருகிறது. நீங்கள் நிறுவிய ஒவ்வொரு மென்பொருளும் கணினி விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்ள ஓரிடம் பிடித்துவைத்திருக்கிறது. இந்தச் சுமை எந்த உறுப்பில் நெரிசலை உண்டாக்குகிறது என்று பார்க்காமல் எதையும் வாங்கவோ அழிக்கவோ வேண்டாம்.

பார்ப்பது எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதிலுள்ள பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு (பிராசசர்), மெமரி (தற்காலிக நினைவகமான ராம்), டிஸ்க் ஆகியவை எந்த அளவுக்கு உழைக்கின்றன என்பது விழுக்காட்டில் ஓடிக்கொண்டிருக்கும். கணினி திணறும் அந்த நேரத்தில் இதைத் திறந்து வைத்துப் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற கணினிகளில் பெரும்பாலும் சிபியு பத்து இருபது விழுக்காட்டில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் நூறு விழுக்காட்டில் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். பிராசசர் வேலை கேட்டுக் காத்திருக்கிறது. தகவல்களைச் சேமித்து வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்கால் அவற்றை எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்கின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்குள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டும், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் படிப்பு முனையும் இருக்கின்றன. ஒரு தகவல் துணுக்கை எடுக்க முனை சரியான வட்டத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ 10 மில்லிநொடி பிடிக்கும். ஆகவே சிதறிக் கிடக்கும் சிறு துணுக்குகளை நொடிக்கு நூறு என்ற அளவில்தான் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் தொடங்கும்போதோ இப்படிப்பட்ட துணுக்குகள் பல்லாயிரக்கணக்கில் கேட்கப்படுகின்றன. ஒவ்வொரு தாளுக்கும் ஏணி வைத்து ஏறி இறங்கும் ஒரே ஓர் ஊழியரைக் கொண்டு ஆவண அறையை நடத்துவதைப் போன்றது இது. ஹார்ட் டிஸ்குக்கு மாற்றாகப் பொருத்தக்கூடிய, நகரும் பாகமே இல்லாத சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டி அதே துணுக்கை ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் தந்துவிடுகிறது. பழைய கணினிக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்லச் சொன்னால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது, ஹார்ட் டிஸ்கைப் போலவே வடத்தில் இணையும் 2.5 அங்குல சாட்டா வகையைக் கேளுங்கள். விளம்பரங்களில் கண்ணைக் கவரும், இன்னும் வேகமான என்விஎம்இ வகை, பழைய மதர்போர்டுகள் (உறுப்புகளை இணைக்கும் முதன்மைப் பலகைகள்) பலவற்றில் பொருந்துவதற்கு இடமே இராது. சாட்டா வகையின் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி. உங்கள் மதர்போர்டு முந்தைய தலைமுறை சாட்டா இணைப்பைக் கொண்டதாக இருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் கணினியை முடக்குவது பெரிய கோப்புகளை நகர்த்தும் வேகமல்ல, சிறு துணுக்குகளைத் தேடும் நேரம். இயங்குதளத்துக்கும் மென்பொருள்களுக்கும் 256 ஜிபி போதும். மேசைக் கணினி என்பதால் பழைய ஹார்ட் டிஸ்கையும் உள்ளேயே விட்டு, புகைப்படங்களை அதில் வைத்துக்கொள்ளலாம். இருப்பதை அப்படியே நகலெடுத்து மாற்றவும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் ஒன்பது ஆண்டுக் குப்பையும் கூடவே குடிபெயரும் என்பதால் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே என் விருப்பம்.

எதைச் செய்வதற்கு முன்பும் முக்கியமான கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக், டிக் என்ற ஓசை வந்தாலோ, ஒரே கோப்பைத் திறக்கும்போது மட்டும் கணினி உறைந்தாலோ, அது சாகும் தறுவாயில் இருக்கலாம். அந்நிலையில் வேகத்தை மறந்துவிட்டு முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள். டிஸ்கைத் துப்புரவாக்கும் வேலை எதையும் அதில் தொடங்க வேண்டாம்.

கேள்வி: என் மடிக்கணினியில் 4 ஜிபி ராம் உள்ளது. உலாவியில் ஏழெட்டுப் பக்கங்களைத் திறந்தாலே நின்றுவிடுகிறது. ராமைக் கூட்டினால் போதுமா, எஸ்எஸ்டியும் வேண்டுமா?

பதில்: நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையின்போதே டாஸ்க் மேனேஜரில் மெமரி 85 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் ராம் போதவில்லை என்று பொருள். இதில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. ராம் நிறைந்ததும் விண்டோஸ் அதிலுள்ளவற்றில் ஒரு பகுதியை டிஸ்கில் இறக்கிவைத்து, தேவைப்படும்போது திரும்ப ஏற்றுகிறது. அப்போது டிஸ்கும் நூறு விழுக்காட்டைத் தொடும். அதை மட்டும் பார்ப்பவர் டிஸ்கின் மேல் பழி போடுவார். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் உச்சத்தில் இருந்தால் ராமிலிருந்து தொடங்குங்கள். மெமரி பாதியில் இருக்க டிஸ்க் மட்டும் உச்சத்தில் இருந்தால் எஸ்எஸ்டி முதலில். உங்கள் மடிக்கணினியில் இன்னும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறதென்றால், இரண்டையும் செய்தால்தான் பலனை முழுமையாக உணர்வீர்கள்.

எழுதுவதற்கும் இணையத்துக்கும் 8 ஜிபி போதுமானது; அதை 16 ஆக்கினால் உங்களுக்கு வேறுபாடே தெரியாமல் போகலாம். வாங்குவதற்கு முன் சிலவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். ராமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டின் வெட்டுப்பள்ளமும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் இடத்தில் நுழையாது. டிடிஆர்3 எனில், சில மடிக்கணினிகள் 1.5 வோல்ட் வகையை ஏற்காமல் 1.35 வோல்ட் வகையையே கேட்கும். மெலிந்த மாதிரிகள் சிலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே எதுவும் செய்வதற்கில்லை. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு பொருத்தினாலும் அது பயன்படுத்திக்கொள்ளாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள், என் கணினியின் ரெஜிஸ்ட்ரியில் எண்ணூறு பிழைகள் இருப்பதாகவும் பணம் கட்டினால் அவற்றை நீக்கி வேகத்தை இரட்டிப்பாக்குவதாகவும் கூறுகிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது இலட்சக்கணக்கான பதிவுகளைக் கொண்ட ஒரு குறிப்பேடு. அதில் எண்ணூறு வரிகள் பயனற்றுக் கிடந்தாலும் கணினியின் வேகத்தில் அளந்து காட்டக்கூடிய வேறுபாடு எதுவும் வராது. தேவையான ஒரு வரி தவறுதலாக அழிந்தால் ஏதேனும் ஒரு மென்பொருள் மட்டும் திறக்காமல் அடம்பிடிக்கும். இத்தகைய துப்புரவுக் கருவிகளுக்குத் தான் ஆதரவு தருவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவித்திருக்கிறது. ராமைக் காலிசெய்து தருவதாகச் சொல்லும் கருவிகளும் இதே இனம்தான். சும்மா இருக்கும் ராமை விண்டோஸ் அடிக்கடி தேவைப்படுபவற்றை வைத்துக்கொள்ளப் பயன்படுத்துகிறது. அதைத் துடைத்தெடுத்தால் அவற்றை மீண்டும் டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

பணம் கட்டாமல் நீங்களே செய்யக்கூடியது இதைவிடப் பயனுள்ளது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில், கணினியோடு சேர்ந்து தொடங்கத் தேவையில்லாதவற்றை நிறுத்தி வையுங்கள். அவை அழிந்துபோகா, நீங்கள் திறக்கும்போது மட்டும் ஓடும். தனித்தனி ஆன்டிவைரஸ்கள் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டு காவலர்கள் சோதித்தால் வாசலில் கூட்டம் சேராமல் என்ன செய்யும்? உலாவியில் எப்போதோ சேர்த்த நீட்சிகளையும் ஒருமுறை பாருங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்கில் பத்து, பதினைந்து விழுக்காடாவது காலியாக இருக்கட்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கும் கணினிகளில், ஷட் டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் உட்கரு முழுமையாக மூடப்படாமல் டிஸ்கில் சேமித்து வைக்கப்படுகிறது. தினமும் அணைத்தும் மந்தம் தீரவில்லை என்பவர்கள் வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கலாம். அதுதான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

கேள்வி: என் மடிக்கணினி முதல் இருபது நிமிடங்கள் நன்றாக ஓடுகிறது. பிறகு விசிறி இரைகிறது, அடிப்பகுதி சுடுகிறது, எல்லாம் மெதுவாகிவிடுகிறது.

பதில்: நேரம் செல்லச் செல்ல மந்தமாவது வெப்பத்தின் அடையாளம். பிராசசரின் உள் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கருகிவிடாமல் இருக்க அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். பிராசசருக்கும் தகடுக்கும் இடையில் தடவிய வெப்பப் பசையும் ஆண்டுகள் பலவானால் காய்ந்துவிடுகிறது. மின்னிணைப்பைத் துண்டித்து, முடிந்தால் பேட்டரியையும் கழற்றிவிட்டு, காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். அப்போது விசிறி இறக்கைகளைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுமீறிச் சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும். பசையை மாற்றும் வேலைக்குக் கை பழக்கம் வேண்டும், பழகியவரிடம் கொடுப்பதே நல்லது. மெத்தையின் மேல் வைத்துப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டாயிற்று. டிஃபிராக் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். சிதறிய துணுக்குகளை ஒன்றாக அடுக்கும் அந்த வேலை ஹார்ட் டிஸ்குக்குத்தான்; எஸ்எஸ்டியில் துணுக்குகள் சிதறிக் கிடப்பதால் நட்டமில்லை. அதற்குத் தேவையான டிரிம் என்ற பராமரிப்பை விண்டோஸே குறித்த இடைவெளியில் செய்துகொள்கிறது.

கேள்வி: விண்டோஸ் 10 உள்ள என் கணினியை விண்டோஸ் 11 ஏற்க மறுக்கிறது. இதற்குச் செலவு செய்வதில் பொருளுண்டா?

பதில்: விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலான பிராசசரையும் கேட்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸுக்கு மாறத் துணிந்தால் உங்கள் கணினிக்கு இன்னும் சில ஆண்டுகள் உண்டு. லினக்ஸ் வகைகளில் லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஆகியவை குறைந்த சுமையுடையவை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் மட்டும் நிறுவலாம். ஒருங்குறித் தமிழ் தட்டச்சு அவற்றில் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை வைத்திருந்தால், அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறவாமல் நகலெடுங்கள். அவை இல்லையெனில் உங்கள் கட்டுரை புரியாத குறிகளின் குவியலாகத்தான் திறக்கும். இந்த அனுபவம் எனக்கே உண்டு.

கேள்வி: எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம் இரண்டும் போட்ட பிறகும் இணையத்தில் காணொளி மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது.

பதில்: இங்கேதான் பிராசசர் உண்மையிலேயே தோற்கிறது. காணொளித் தளங்கள் இன்று பெரும்பாலும் விபி9, ஏவி1 ஆகிய சுருக்க முறைகளில் அனுப்புகின்றன. பழைய கணினிகளின் கிராஃபிக்ஸ் பகுதிக்கு அவற்றை விரிக்கத் தெரியாது என்பதால் முழு வேலையும் பிராசசரின் தலையில் விழுகிறது. காணொளி ஓடும்போது சிபியு நூறைத் தொடுவதை நீங்களே பார்க்கலாம். தரத்தை 720 அல்லது 480க்குக் குறையுங்கள். பழைய எச்.264 முறையிலேயே அனுப்பும்படி தளத்தைக் கேட்கும் உலாவி நீட்சிகளும் உள்ளன. பழைய கிராஃபிக்ஸ் பகுதிக்கும் அந்த முறை பழக்கமானது. இவற்றாலும் சரிவரவில்லை, காணொளிதான் உங்கள் முதன்மைத் தேவை என்றால், வேறு கணினிக்கு மாறுங்கள். போட்ட எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். ஒரு யூஎஸ்பி உறைக்குள் பொருத்தினால் புதிய கணினிக்கு அதுவே காப்பு நகல் வைக்கும் டிஸ்காகிவிடும்.