இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி 21 வயதுப் பையனை நம்பி நீர்மூழ்கியைக் கொடுத்தது எப்படி? அத்தனை குண்டு போட்டும் அதன் நீர்மூழ்கித் தளங்களை ஏன் உடைக்க முடியவில்லை?

ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருபது வயசு, கழுகுப் பார்வை, பயமே தெரியாத கேப்டன் என்று போகும் வீடியோக்கள். அப்படிச் சொல்வது அந்தப் பையன்களுக்கும் நியாயம் இல்லை, அவர்களால் செத்தவர்களுக்கும் நியாயம் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நாஜிப் படைக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். இயந்திரமும் அமைப்பும் எப்படி வேலை செய்தன என்று சொல்வது வக்காலத்து ஆகாது.

முதலில் வயது. 1939 அக்டோபரில் பிரிட்டனின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்துக்குள் புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்த குந்தர் ப்ரீனுக்கு வயது 31. இன்னொரு பேர்பெற்ற நீர்மூழ்கி கமாண்டர் ஓட்டோ கிரெட்ச்மர் 1941 மார்ச்சில் பிடிபட்டபோது 28. அதே இரவில் செத்த யோவாகிம் ஷெப்கேவுக்கு 29. இவர்கள் எல்லாம் அமைதிக் காலத்திலேயே தேய்த்து எடுக்கப்பட்டவர்கள். 1935-இல் நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் தொடங்கிய முதல் நீர்மூழ்கிக் குழுவில், ஒரு படகு நீருக்கு மேலே 66, நீருக்குள் 66 பயிற்சித் தாக்குதல்களை முடித்த பிறகுதான் பயிற்சி டார்பிடோவையே (டார்பிடோ என்பது நீருக்குள் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம்) சுட விட்டார்கள்.

நீங்கள் கேட்கும் 21 வயதுக்காரர்கள் வருவது 1944-இல். யு-995 என்ற நீர்மூழ்கியை ஏற்றபோது ஹான்ஸ் கியோர்க் ஹெஸ்ஸுக்கு 21. 1944 செப்டம்பரில் யு-155-ஐ பிரான்ஸின் லோரியானிலிருந்து நார்வேக்குக் கொண்டுபோன லுட்விக் ஃபொன் ஃப்ரீடெபுர்குக்கு 20. நடுவில் இருந்தவர்கள் எங்கே என்றால், கடலுக்கு அடியில். 1943 மே மாதத்தில் மட்டும் 41 படகுகள் போயின. யு-போட்களில், அதாவது ஜெர்மன் நீர்மூழ்கிகளில், போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. வயது குறைந்தது திறமையைக் கண்டுபிடித்ததால் அல்ல, ஆள் தீர்ந்துபோனதால்.

அப்படியிருந்தும் படகு ஓடியது என்றால், அதை கமாண்டர் ஒருவரே ஓட்டவில்லை. அதிகம் கட்டப்பட்ட ஏழு-சி ரகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 67 மீட்டர், ஆட்கள் 44 முதல் 52 வரை, டார்பிடோ 14, முன்னால் நான்கு குழாய், பின்னால் ஒன்று. டீசலில் மேலே 17 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). உள்ளே போனால் பேட்டரிதான். நான்கு நாட் வேகத்தில் 80 கடல் மைல், அவ்வளவே. இதை மூழ்கவைப்பதும் சமநிலையில் நிறுத்துவதும் தலைமை எஞ்சினியரின் பொறுப்பு. கமாண்டர் "பெரிஸ்கோப் ஆழம்" என்று சொன்னால், சுமார் 14 மீட்டரில் படகை அசையாமல் பிடிக்க வேண்டியவர் அவர்.

அது எவ்வளவு கஷ்டம் என்பதை யாரும் சொல்வதில்லை. டீசல் எண்ணெய் தீரத் தீர அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்பும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், எனவே பயணம் நீள நீளப் படகு கனமாகும். சாப்பாடு தீர்ந்தால் லேசாகும். ஒரு டார்பிடோ ஒன்றரை டன். முன்குழாயிலிருந்து அது வெளியேறிய கணமே ஈடுகட்டத் தண்ணீரை உள்ளே விடாவிட்டால் மூக்கு மேலே கிளம்பி, எதிரியின் கண்ணெதிரே படகு வெளியே வந்துவிடும். ஆற்று முகத்துவாரத்தில் உப்பு குறைவு, அங்கே பார்த்து வைத்த கணக்கு நடுக்கடலில் செல்லாது. அதனால் தினமும் எடைக் கணக்குப் போட்டு, மூழ்கிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இருபது வயது கமாண்டருக்குப் பக்கத்தில் பழுத்த எஞ்சினியர் ஒருவர் இருந்தால் படகு பிழைக்க வழி உண்டு. இருவருமே புதியவர்கள் என்றால் கஷ்டம்.

அவசர மூழ்கலைப் பாருங்கள். மணி அடித்ததும் மேலே காவலுக்கு நிற்கும் நான்கு பேரும் ஏணியைத் தொடாமல் சறுக்கி விழுவார்கள். கடைசி ஆள் மூடியைத் திருகுவார். டீசல் அறையில் எஞ்சினை நிறுத்தி, காற்று வாங்கும் வால்வையும் புகைபோக்கி வால்வையும் மூடி, கிளட்சைக் கழற்றி, மின்மோட்டாரை முழு வேகத்தில் விடுவார்கள். முன்தொட்டியின் காற்றுத் திறப்பை முதலில் திறப்பார்கள், பின்தொட்டியைச் சில விநாடி தாமதித்து. மூக்கு முதலில் அமிழ வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரிசை. கை ஓய்ந்திருப்பவர்கள் எல்லாம் முன்னறைக்கு ஓடுவார்கள், அவர்கள் எடையும் உதவட்டும் என்று. தேர்ந்த குழுவுக்கு மொத்தம் 30 விநாடி. இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் புகைபோக்கி வால்வு. கரி படிந்தால் அது முழுசாக உட்காராது, ஆழம் கூடக்கூட அந்த வழியாகத் தண்ணீர் பீறிடும். அந்த வால்வின் இருக்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கரியை எடுப்பது டீசல் அறைக்காரர்களின் தீராத வேலை. வீரக் கதைகளில் அவர்கள் பெயர் வராது.

கமாண்டருக்கே உரிய வேலை, பகலில் நீருக்கடியில் இருந்து தாக்குவது. பெரிஸ்கோப்பைச் சில விநாடி மட்டும் தூக்கி, இலக்கின் திசை, தூரம், அது போகும் கோணம், வேகம் நான்கையும் சொல்ல வேண்டும். கணக்கிடும் கருவி அதிலிருந்து டார்பிடோ திரும்ப வேண்டிய கோணத்தைத் தரும். கருவி தப்பாது, மனிதனின் மதிப்பீடுதான் தப்பும். மின் டார்பிடோவின் வேகம் 30 நாட். ஆயிரம் மீட்டர் ஓட 65 விநாடி. கப்பல் 10 நாட் வேகத்தில் போகிறது என்று சொல்லி, அது உண்மையில் 12 நாட் வேகத்தில் போனால், அந்த 65 விநாடியில் நீங்கள் நினைத்த இடத்தைவிட 67 மீட்டர் முன்னால் இருக்கும். 120 மீட்டர் நீளச் சரக்குக் கப்பலின் நடுவைக் குறிவைத்திருந்தால் டார்பிடோ பின்புறமாகத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் கிட்டே போ, கிட்டே போ என்று பயிற்சியில் விரட்டினார்கள். இரவில் நீருக்கு மேலே இருந்து தாக்கும்போது குறி பார்ப்பதும் கமாண்டர் இல்லை, அவருக்கு அடுத்த அதிகாரியான முதல் வாட்ச் ஆபிசர். கமாண்டர் படகை நகர்த்துவதையும் சுற்றுப்புறத்தையும் பார்ப்பார்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்ற காலம் உண்டு. 1940 ஏப்ரலில், நார்வே கடற்கரையில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் மீது ப்ரீன் சுட்ட டார்பிடோக்கள் ஒன்றும் பலிக்கவில்லை. காந்த வெடிப்பி தப்பியது, மோதல் வெடிப்பி தப்பியது, ஆழமும் தப்பியது. ஆழக் கோளாறின் காரணம் 1942 தொடக்கத்தில்தான் பிடிபட்டது. டார்பிடோவுக்குள் ஒரு சிறு காற்றறை உண்டு. அதன் அழுத்தத்தோடு கடலின் அழுத்தத்தை ஒப்பிட்டுத்தான் அது தன் ஆழத்தை அறியும். அந்த அறை கசிந்தது. மூழ்கியிருக்கும் படகுக்குள், அழுத்தக் காற்று வெளிவந்து வெளிவந்து, உள்காற்றின் அழுத்தம் இயல்பைவிடக் கூடும். அது கசிந்து அந்த அறைக்குள்ளும் ஏறியது. டார்பிடோ தான் மேலே இருப்பதாக 'நினைத்து' இன்னும் கீழே இறங்கி, கப்பலுக்கு அடியில் ஓடிவிட்டது. நல்ல கமாண்டர்களைத் தோற்கடித்தது ஒரு ஓட்டைதான்.

இனி தளங்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் பிரெஸ்ட், லோரியான், சான் நசேர், லா பலீஸ், போர்டோ துறைமுகங்கள் ஜெர்மானியர் கைக்கு வந்தன. ஜூலையிலேயே லோரியானுக்கு முதல் படகு வந்துவிட்டது. ஸ்காட்லாந்தைச் சுற்றிக்கொண்டு அட்லாண்டிக் போக வேண்டிய அவசியம் போனது. அதே எண்ணெயில் கூடுதல் நாள் வேட்டை.

லோரியானின் கெரோமான் தளத்தில் மூன்று பெரிய பங்கர்கள், அதாவது குண்டு தாங்கும் கான்கிரீட் கட்டடங்கள். முதல் இரண்டிலும் தண்ணீரே கிடையாது. படகைச் சரிவுப் பாதையில் ஒரு தொட்டில் வண்டிமேல் ஏற்றி மேலே இழுத்து, பக்கவாட்டில் ஓடும் இன்னொரு மேடைவண்டிக்கு மாற்றி, எந்த அறை காலியோ அதற்குள் தள்ளிவிடுவார்கள். அடிப்பகுதி முழுக்கக் காய்ந்த நிலையில் கையில் கிடைக்கும். 1943 ஜனவரியில் முடிந்த மூன்றாவது பங்கரில் ஏழு அறைகள். படகு நேரே மிதந்து உள்ளே போகும். அதன் கூரை கான்கிரீட் ஏழு மீட்டருக்கு மேல். சான் நசேரில் 14 அறைகள், முதல் எட்டும் தண்ணீரை இறைத்துக் காயவைக்கக்கூடியவை.

படகு திரும்பி வந்ததும் என்ன நடக்கும்? கண்ணிவெடிகளுக்கு இடையே துப்புரவு செய்த பாதையில் துணைக்கப்பல் அழைத்து வரும். மிஞ்சிய டார்பிடோக்களை இறக்குவார்கள். குழுவில் ஒரு பகுதி விடுப்பில் போகும், மற்றவர்கள் வேலையாட்களோடு நிற்பார்கள். பேட்டரியின் 124 செல்களையும் சோதிக்க வேண்டும். விரிசல் விட்ட செல்லில் இருந்து கசியும் அமிலத்தோடு உப்புநீர் சேர்ந்தால் குளோரின் கிளம்பும். புறப்படும்போது சுமார் 113 டன் எண்ணெய், பத்துப் பன்னிரண்டு டன் உணவு. இரண்டு கழிவறைகளில் ஒன்றையும் உணவுமூட்டை அடைத்துக்கொள்ளும். கடலில் போன பிறகும் மின் டார்பிடோக்களைச் சில நாட்களுக்கு ஒருமுறை குழாயிலிருந்து உருவி, பேட்டரியைச் சோதித்துத் திரும்பச் செலுத்த வேண்டும். பேட்டரி குளிர்ந்திருந்தால் ஓட்டமும் குறையும்.

ஏன் உடைக்க முடியவில்லை என்றால், உடைக்க வேண்டிய நேரத்தில் யாரும் உடைக்க முனையவில்லை. 1941-இல் அடித்தளக் குழிகள் தண்ணீரைத் தடுக்கும் தற்காலிக அணைகளுக்குப் பின்னால் திறந்து கிடந்தன. அணைகளை உடைத்திருந்தால் குழிக்குள் வெள்ளம் புகுந்து வேலையே நின்றிருக்கும். பிரிட்டிஷ் விமானப்படையின் கவனம் அப்போது பிரெஸ்டில் நின்ற பெரிய போர்க்கப்பல்கள் மீதும் ஜெர்மன் நகரங்கள் மீதும் இருந்தது. 1943 ஜனவரியில் உத்தரவு வந்து குண்டுமழை பொழிந்தபோது கூரை காய்ந்து இறுகிவிட்டது. லோரியான் நகரமும் சான் நசேர் நகரமும் தரைமட்டமாயின. பங்கர்கள் நின்றன. அந்த நகரங்களில் நாயும் பூனையும்கூட மிச்சமில்லை என்று டோனிட்ஸே ஒப்புக்கொண்டார். சில கூரைகளுக்கு மேல் கான்கிரீட் உத்திரங்களை வரிசையாகப் பரப்பி, அதற்கும் கூரைக்கும் நடுவில் வெற்றிடம் விட்டார்கள். குண்டு உத்திரத்தில் வெடித்து, அதன் வேகம் அந்த வெற்றிடத்தில் சிதறிவிட வேண்டும் என்பதற்காக. ஐந்தரை டன் எடையுள்ள டால்பாய் குண்டு 1944-இல் பிரெஸ்டுக்கு வந்தபோது படகுகள் கிளம்பும் காலம் ஆகிவிட்டது.

இந்தக் கான்கிரீட்டைப் பார்த்து வாய்பிளப்பவர்களுக்கு ஒன்று. பிரேமன் அருகே ஃபார்கேவில் கட்டிய வாலண்டைன் பங்கரில் வேலை செய்தவர்கள் கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வேலையிலேயே செத்தார்கள். ஒரு படகுகூட அங்கிருந்து வெளியே வரவில்லை. 1945 மார்ச்சில் பத்து டன் குண்டுகள் இரண்டு அதன் கூரையைத் துளைத்தன.

கூரை இல்லாமலும் தளம் நடத்தினார்கள். மால்டாவில் பிரிட்டனின் பத்தாவது படகுக் குழுவுக்குப் பங்கர் இல்லை. 1942-இல் பகல் முழுக்கப் படகுகளைத் துறைமுகத்தின் அடியிலேயே மூழ்கவைத்துவிட்டு இரவில் வேலை பார்த்தார்கள். மலாயாவின் பினாங்கில் ஜெர்மானியருக்கும் பங்கர் கிடையாது. 1943 ஆகஸ்டில் யு-178-இல் வந்த வில்ஹெல்ம் டோம்மெஸ் அங்கேயே தளப் பொறுப்பேற்றார். உதிரிபாகம் இல்லை, பயிற்சி பெற்ற வேலையாட்கள் இல்லை, மாலுமிகளே எஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள். மலாக்கா நீரிணையில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. 1944 பிப்ரவரியில் டேலி-ஹோ என்ற பிரிட்டிஷ் படகு, இத்தாலியரிடம் இருந்து எடுத்த யு.ஐ.டி-23-ஐ அங்கே முடித்தது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக உறுத்துகிறது. நீர்மூழ்கி என்றாலே நம்மவர்களில் பலர் எம்டனை இழுக்கிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட எம்டன் நீர்மூழ்கி அல்ல, மேலே மிதக்கும் இலகுரகக் க்ரூசர். போரும் வேறு. நீர்மூழ்கியோடு நமக்கு உண்மையான தொடர்பு வேண்டுமானால் நேதாஜி இருக்கிறார். 1943 ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே யு-180-இலிருந்து ரப்பர் படகில் ஜப்பானின் ஐ-29-க்கு மாறினார், கூட அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன். யு-180-இன் கமாண்டர் முசன்பெர்குக்கு அப்போது 38 வயது. அந்தப் படகின் அதிவேக டீசல்கள் புகையும் வெப்பமும் கக்கி ஆட்களைப் பாடாய்ப் படுத்தின. இவ்வளவு இருக்கும்போது பள்ளிக் கட்டுரை முதல் வீடியோ வரை எம்டனைத் தண்ணீருக்கு அடியில் ஓட்டுவது ஏன் என்று புரியவில்லை.

ஜெர்மனி கடைசியில் கட்டிய புதிய 21-ஆம் ரக நீர்மூழ்கி முன்னமே வந்திருந்தால் போரே மாறியிருக்குமே என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். அந்த ரகத்தை உள்நாட்டு எஃகு ஆலைகளில் துண்டு துண்டாகச் செய்து, கப்பல் பட்டறையில் ஒட்டினார்கள். துண்டுகள் அளவு பொருந்தாமல் வந்தன, ஹைட்ராலிக் குழாய்கள் கசிந்தன, திருத்தவே மாதங்கள் ஓடின. நூற்றுக்கு மேல் படையில் சேர்ந்தும், போர்ப் பயணம் கிளம்பியவை யு-2511, யு-3008 இரண்டே. யு-2511-ஐ 31 வயது அடால்பெர்ட் ஷ்னே போன்ற பழைய கைக்குத்தான் கொடுத்தார்கள். போர் முடிந்தபோது அது ஒரு டார்பிடோவும் சுட்டிருக்கவில்லை.